சொல்லும் துணிவும்

நம் சங்கத்துக் குடும்பங்களில் பிள்ளைகளின் எதிர்காலத்தைப் பற்றிப் பேச்செழும்போது, ஒரு தலைமுறைக்கு முன்வரை இரண்டே வழிகள் கூறப்பட்டன. ஒன்று அரசாங்க உத்தியோகம். மற்றொன்று தந்தையின் கடை. படித்த பிள்ளை முதல் வழியிலும், படிப்பு ஏறாத பிள்ளை இரண்டாம் வழியிலும் செல்வதே முறையென எண்ணப்பட்டது. இன்று மூன்றாவது வழி ஒன்று கல்லூரி வாயிலிலேயே திறந்து கிடக்கிறது. படித்த பிள்ளை தானே ஒரு தொழிலைத் தோற்றுவித்து, தன்னோடு நாலு பேருக்கு வேலை கொடுக்கும் வழி அது. அதனைத் தொழில் முனைவு என்று பெயரிட்டுப் பாடமாகவும் வைத்துள்ளனர்.

இவ்வழியைக் கண்டு மகிழும் பெற்றோரினும் அஞ்சும் பெற்றோரே நம்மிடையே மிகுதி. அவ்வச்சம் வீணானதன்று. நெல்லையிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் மதுரையிலிருந்தும் வந்து, சாலைக் கடைத்தெருவைச் சுற்றியும் கரமனையிலும் கோட்டைப் பகுதியிலும் குடியமர்ந்த குடும்பங்கள் பலவற்றிற்கு இங்கே நிலபுலம் இல்லை. சேமிப்பு என்று இருப்பது தந்தையின் சேமநிதியும் தாயின் நகையுமே. ஒருமுறை தவறினால் தாங்கிப் பிடிக்கப் பங்காளிகளும் அருகில் இல்லை. ஆதலின், “நமக்கு எதற்கு இந்த வம்பு?” என்று கேட்கும் தந்தையைக் கோழை எனக் கூறிவிட நம்மால் இயலாது.

ஆயினும், கதவை அடைத்துவிடுவதால் அச்சம் தீர்ந்துவிடுமா? தீராது. வீட்டில் சொல்ல அஞ்சும் பிள்ளை வெளியில் சென்று, நண்பனிடத்தும் வட்டிக்காரனிடத்தும் கடன் பெற்று, யாருக்கும் தெரியாமல் ஒன்றைத் தொடங்குவான். முதல் போனபின்னரே வீட்டுக்குச் செய்தி வரும். இதனைத் தடுக்க வேண்டுமாயின், பிள்ளைகளுக்கு இரண்டு திறன்களை நாம் முன்னதாகவே பழக்கியாக வேண்டும். எண்ணியதை எடுத்துச் சொல்லும் திறன் ஒன்று. ஆராய்ந்து முடிவு செய்யும் திறன் மற்றொன்று. தமிழில் துணிவு என்னும் சொல் அஞ்சாமையை மட்டும் குறிப்பதன்று. ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வருதலையும் குறிப்பது. இப்பொருளில்தான் இத்திங்கள் சொல்லையும் துணிவையும் பற்றி எழுத முற்பட்டோம்.

கேரளத்தில் நடப்பது

நாம் வாழும் நகரம் இத்துறையில் பின்தங்கியதன்று. இந்திய நாட்டின் முதல் தொழில்நுட்பப் பூங்காவாகிய டெக்னோபார்க் 1990ஆம் ஆண்டில் நம் கழக்கூட்டத்திலேதான் தோன்றியது. அதன் வளாகத்தில் 2006இல் தொடங்கப்பட்ட தொழிற்காப்பகமே வளர்ந்து, இன்று கேரள ஸ்டார்ட்அப் மிஷன் என்னும் அரசு அமைப்பாக விளங்குகின்றது. கல்லூரிகள் தோறும் புத்தாக்கத்திற்கும் தொழில் முனைவுக்குமான மையங்களை இவ்வமைப்பு ஊக்கி வருகின்றது. மாணாக்கராக இருந்துகொண்டே தொழில் தொடங்குவோருக்கு வருகைப் பதிவில் நூற்றுக்கு 20 வரையிலும், மதிப்பெண்ணில் நூற்றுக்கு 4 வரையிலும் சலுகை தரும் கொள்கையைக் கேரள அரசு 2010களின் முற்பகுதியிலேயே வகுத்தது. படிப்பைக் கைவிடாமலே முயன்று பார்க்கலாம் என்பதுதான் அதன் கருத்து.

மற்ற மாநிலங்களும் வாளாவிருக்கவில்லை. தில்லி அரசு 2019இல் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையில் தொழில் முனைவு மனப்பாங்குப் பாடத்தைத் தொடங்கியது. பின்னர் 2021இல், மாணவர் ஒருவருக்கு ரூ. 2,000 வரை விதைப்பணம் கொடுத்து, குழுவாகச் சேர்ந்து சிறு வாணிகம் செய்து பார்க்கச் செய்தது. தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டம், தொழில் திறன்களோடு பேச்சுத் திறனையும் பழக்குவதை நோக்கமாகக் கொண்டது.

அரசு இடம் தரலாம், பணமும் சிறிது தரலாம், சலுகையும் தரலாம். ஆனால், பிறர் முன்னிலையில் நாத் தளராமல் பேசும் பழக்கத்தையும், ஆம் அல்லது இல்லை என்று முடிவு கூறும் பழக்கத்தையும் கல்லூரிக்கு வந்தபின் ஆறு மாதத்தில் ஊட்டிவிட முடியாது. அவற்றின் முதற்பள்ளி வீடே.

முன்னோர் கண்ட பள்ளி

இஃது ஏதோ மேனாட்டார் கண்டுபிடித்த புதுக்கல்வி என்று எண்ண வேண்டுவதில்லை. வாணிகம் செய்யப் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் சென்ற நகரத்தார், தம் கடைகளையே கல்லூரிகளாக்கியிருந்தனர். சிறுவயதில் ஒருவன் பெட்டியடிப் பையனாகச் சேர்வான். கடையைத் திறப்பது, பெட்டியருகே இருந்து ஏவல் செய்வது, வருவோரை இருத்தி உபசரிப்பது, பெரியவர்கள் பேரம் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருப்பது ஆகியவையே அவன் பாடம். பின்னர் அவன் அடுத்தாளாவான், தேறினால் மேலாளாவான். மூன்றாண்டுத் தவணை முடித்து ஊர் திரும்பும்போது கணக்கு ஒப்புவிக்க வேண்டும். கடன் கேட்டு வந்தவனுக்குக் கொடுக்கலாமா கூடாதா என்று முடிவு செய்யும் பொறுப்பு ஒரே நாளில் அவன் தலையில் ஏற்றப்படவில்லை. முதலில் கேட்டான்; பிறகு பேசினான்; அதன் பின்னரே முடிவு செய்தான். இந்த வரிசை முறையை நாம் மறந்துவிட்டோம்.

இன்னும் அருகிலேயே ஒரு சான்று உண்டு. நம்மில் பலர் நாள்தோறும் சென்று வரும் சாலைக் கடைத்தெருவை அமைத்தவர் திவான் இராஜா கேசவதாசர். இன்றைய குமரி மாவட்டத்து வில்லுக்குறிக்கு அருகில் பிறந்தவர் என்று கூறப்படும் கேசவ பிள்ளை, இளமையில் போக்குமூசா மரைக்காயர் என்னும் பெருவணிகரிடம் கணக்கெழுதப் பழகியவர். அந்தக் கடைக் கணக்கிலிருந்து தொடங்கிய வாழ்வு, தர்மராஜா என்று போற்றப்பெற்ற கார்த்திகைத் திருநாள் இராமவர்மரின் அரண்மனைக்குச் சென்றது. 1789இல் திவான் பதவியை எட்டியது. ஆலப்புழைத் துறைமுகத்தைக் கட்டி எழுப்பிய பெருமையும் அவருக்கே உரியது. பொருள் எங்கே விளைகிறது, எவ்வழியாக வருகிறது, எங்கே விற்கும் என்பதை வணிகர் ஒருவரின் அருகிருந்து கற்றவரே பின்னாளில் ஒரு நாட்டின் வாணிகத்தை ஒழுங்கு செய்தார் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். சாலையில் நடந்துகொண்டே சொல்வது இன்னும் நன்று.

கற்பிக்கக் கூடியதா?

வாணிகப் புத்தி பிறவியிலேயே வரவேண்டும் என்று கூறுவோர் உளர். சாதியோடும் குலத்தோடும் அதனை இணைத்துப் பேசுவோரும் உளர். இக்கூற்றைச் சோதித்துப் பார்த்த இடம் நம் நாட்டிலேயே உள்ளது. அமெரிக்க உளவியல் அறிஞர் டேவிட் மெக்லிலண்ட், ஐதராபாத்திலிருந்த சிறுதொழில் பயிற்சி நிறுவனத்தோடு சேர்ந்து, 1964இல் ஆந்திரக் கடற்கரையிலுள்ள காக்கிநாடாவைச் சேர்ந்த வணிகர்களுக்குக் குறுகிய காலப் பயிற்சி ஒன்றை அளித்தார். குறிக்கோளைத் தெளிவாக வகுத்தல், தன் செயலின் விளைவைத் தானே அளந்து பார்த்தல், அளவான அபாயத்தைத் தேர்ந்தெடுத்தல் ஆகியவை அதன் பாடங்கள். பயிற்சி பெற்றோர், பெறாதோரைக் காட்டிலும் பின்வந்த ஆண்டுகளில் புதுத் தொழில்களில் மிகுதியாக இறங்கினர், முதலீட்டைப் பெருக்கினர், பலருக்கு வேலை கொடுத்தனர். 1969இல் வெளிவந்த அவரது நூல் இவ்வரலாற்றைக் கூறுகின்றது.

அவர் கையாண்ட சோதனைகளுள் ஒன்று குழந்தைகளும் ஆடத்தக்கது. தரையில் ஒரு முளையை நட்டு, வளையத்தை எறிந்து அதில் மாட்ட வேண்டும். எவ்வளவு தொலைவில் நிற்பது என்பதை எறிபவரே முடிவு செய்துகொள்ளலாம். சிலர் முளையின் அருகிலேயே நின்று எளிதாக மாட்டிவிடுவர். சிலர் வெகுதொலைவில் நின்று, விழுந்தால் அதிர்ஷ்டம் என்று எறிவர். சாதிக்கும் வேட்கை உடையவரோ, முயன்றால் மாட்டலாம், முயலாவிட்டால் தவறும் என்னும் இடைப்பட்ட தொலைவைத் தேர்வர். அதில் எறியும் ஆட்டம் கையின் திறனைக் காட்டினும், நிற்கும் இடம் மனத்தின் திறனைக் காட்டிவிடுகிறது. தொழில் முனைவோன் சூதாடி அல்லன் என்பதற்கு இதனினும் நல்ல விளக்கம் நாம் அறியோம்.

அண்மையிலும் ஒரு சான்று கிடைத்தது. மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள டோகோ நாட்டில் 1,500 சிறு வணிகரை மூன்று கூறாக்கினர். ஒரு கூறினருக்குக் கணக்கு, விற்பனை முதலிய வழக்கமான வணிகப் பாடம். மற்றொரு கூறினருக்குத் தாமே முன்வந்து செய்தல், இடையூற்றை முன்னறிதல், தளராது தொடர்தல் என்னும் மனப்பழக்கப் பாடம். மூன்றாம் கூறினருக்குப் பாடமே இல்லை. இரண்டாம் கூறினரின் இலாபம் நூற்றுக்கு 30 அளவு உயர்ந்தது. முதற் கூறினருக்கு உறுதியாகக் கூறத்தக்க உயர்வு கிட்டவில்லை. இம்முடிவு 2017இல் வெளியாயிற்று. கணக்குப் பாடம் வேண்டாம் என்பது இதன் பொருளன்று. கணக்கறிவு மட்டும் போதாது என்பதே பொருள்.

சொல்

நம் பிள்ளைகளுக்கு ஒரு தனித் துன்பம் உண்டு. வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், வகுப்பில் ஆங்கிலம் என மூன்று மொழிகளுக்கிடையே அவர்கள் வளர்கின்றனர். மூன்றிலும் பேசுவர், ஆனால் எதில் பேசினாலும் பிறர் நகைப்பரோ என்னும் கூச்சம் சிலரை ஊமையாக்கிவிடுகிறது. மலையாளத்தில் தமிழ் ஓசை வருகிறது என்று பள்ளியிலும், தமிழில் மலையாளம் கலக்கிறது என்று ஊருக்குப் போனால் அத்தை வீட்டிலும் கேலிக்கு ஆளாகும் பிள்ளை, பேசாதிருப்பதே மானம் என்று எண்ணத் தொடங்குகிறது. பெற்றோர் அதனை அடக்கம் என்று பாராட்டிவிடுகின்றனர்.

உண்மையில் இம்மூன்று மொழிகளும் அப்பிள்ளையின் முதலாகும். கோவில்பட்டியிலிருந்து சரக்கனுப்பும் வணிகரை அண்ணாச்சி என்றழைத்து அவர் மொழியில் பேசவும், வாங்க வரும் அம்மையாரைச் சேச்சி என்றழைத்து அவர் மொழியில் விளக்கவும், வங்கி மேலாளருக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதவும் வல்ல பிள்ளைக்கு நிகரானவர் இந்நகரில் எத்தனை பேர்? பிழையோடேனும் பேசவிட்டால் பிழை நீங்கும். வாயை அடைத்துவிட்டால் பிழையும் நீங்காது, பேச்சும் வராது.

பேச்சு என்றால் மேடை முழக்கம் அன்று. தொழிலுக்கு வேண்டும் பேச்சு பெரும்பாலும் கேட்பதில் தொடங்குவது. இளைஞர் தம் எண்ணத்தைக் காட்டி, “இதைச் செய்தால் வாங்குவீர்களா?” என்று கேட்கின்றனர். முகத்துக்கு நேரே இல்லை என்பார் யார்? வாங்குவோம் என்றே எல்லாரும் கூறுவர். அதை நம்பிச் சரக்கெடுத்தவன் கெடுவான். “சென்ற மாதம் இந்தத் தேவைக்கு என்ன செய்தீர்கள்? எங்கே வாங்கினீர்கள்? என்ன விலை கொடுத்தீர்கள்? எதில் குறை கண்டீர்கள்?” என்று கேட்பதே முறை. வருங்காலத்தைப் பற்றிக் கேட்டால் உபசாரம் கிடைக்கும். நடந்ததைப் பற்றிக் கேட்டால் உண்மை கிடைக்கும்.

அடுத்து, சுருங்கச் சொல்லுதல். யாருக்கு என்ன இடர், அதற்கு நாம் செய்வது என்ன, அதன் விலை என்ன, உங்களிடம் நாம் வேண்டுவது என்ன என்னும் நான்கையும் நான்கே வாக்கியத்தில் சொல்லப் பழக்க வேண்டும். வீட்டிலுள்ள பாட்டிக்கு விளங்குமாறு சொல்ல முடியாத தொழிலை, பணம் தருவோருக்கும் விளக்க முடியாது. இல்லை என்று பணிவோடு மறுப்பதும், தெரியாததைத் தெரியாது என்று ஒப்புவதும், கூட்டாளியோடு கருத்து வேறுபட்டால் உறவு கெடாமல் பேசுவதும் இப்பாடத்தின் மேல்வகுப்புகள். நண்பர் இருவர் சேர்ந்து தொடங்கும்போது, யார் எவ்வளவு முதல் இட்டார், யார் என்ன வேலை செய்வார், ஒருவர் விலகினால் எவ்வாறு பிரிப்பது என்பதை ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிடச் செய்யுங்கள். அத்தாள் நட்பை ஐயுறுவதற்கன்று; காப்பதற்கே.

துணிவு

முடிவு செய்தல் என்பது பலருக்கும் ஏதோ ஒரு கணத்தில் மனத்தில் தோன்றுவது போலப் படுகிறது. வள்ளுவர் அவ்வாறு கருதவில்லை. தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என நான்கு அதிகாரங்களை அடுத்தடுத்து அமைத்திருக்கும் முறையே, முடிவு என்பது படிப்படியாகச் செய்யும் வேலை என்பதைப் புலப்படுத்தும்.

அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்கிளின் 1772இல் தம் நண்பர் ஜோசப் பிரீஸ்ட்லிக்கு எழுதிய கடிதத்தில் ஓர் எளிய முறையைக் கூறியுள்ளார். ஒரு தாளை நடுவில் கோடிட்டு, ஒரு புறம் செய்வதற்கான காரணங்களையும், மறுபுறம் செய்யாமைக்கான காரணங்களையும் எழுதுக. ஒரே நாளில் எழுதிவிடாமல், மூன்று நான்கு நாட்கள் தோன்றத் தோன்ற எழுதுக. பிறகு இருபுறத்தும் சமமான எடையுள்ளவற்றை அடித்துக்கொண்டே வருக. எஞ்சுவதே வழிகாட்டும் என்பது அவர் முறை. பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் இதனைச் செய்யலாம்.

இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் கற்பிக்கும் பேராசிரியை சரஸ் சரஸ்வதி, தேர்ந்த தொழில் முனைவோர் 27 பேர் எவ்வாறு முடிவெடுக்கின்றனர் என்பதை ஆராய்ந்து 2001இல் ஒரு கட்டுரை எழுதினார். எவ்வளவு கிடைக்கும் என்பதினும், எவ்வளவு போனால் தாங்க முடியும் என்பதையே அவர்கள் முதலில் எண்ணுகின்றனர் என்று அவர் கண்டார். நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு இதனினும் பொருத்தமான அளவுகோல் இல்லை. தங்கையின் கல்லூரிக் கட்டணமும் தந்தையின் மருத்துவச் செலவும் தொட்டுவிடக் கூடாதவை என்று முதலில் எல்லை வகுத்துவிட்டால், எஞ்சியதைக் கொண்டு முயலும் பிள்ளையும் நிம்மதியாக முயல்வான். வீடும் நிம்மதியாக உறங்கும்.

மற்றொரு வழியும் உண்டு. தொடங்குமுன் அனைவரும் அமர்ந்து, ஓராண்டு கழிந்தது, தொழில் மூடப்பட்டுவிட்டது என்று வைத்துக்கொண்டு, ஏன் மூடப்பட்டது என்பதை ஆளுக்கொரு தாளில் எழுத வேண்டும். அபசகுனம் என்று பெரியவர்கள் முகஞ்சுளிக்கலாம். ஆனால் வாயால் சொல்லத் தயங்கிய ஐயங்களெல்லாம் அத்தாளில் வந்து விழும். வந்து விழுந்த ஐயத்துக்குப் பரிகாரம் தேடலாம். மனத்துள் மறைந்த ஐயத்துக்கு மருந்தில்லை.

பானைக் கணக்கு

சொல்லும் துணிவும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதை விளக்க, நம் நகரத்துக் காட்சி ஒன்றையே எடுத்துக்கொள்வோம். ஆண்டுதோறும் மாசித் திங்களில் ஆற்றுகால் பொங்காலை நடைபெறுகிறது. 2009இல் 25 இலட்சம் பெண்டிர் கூடினர் என்று கின்னஸ் நூலில் பதிவாகியுள்ள பெருவிழா அது. அதற்கு வேண்டும் மண்பானைகளில் பெரும்பகுதி தமிழ்நாட்டிலிருந்தே வருகின்றன. கல்லூரி மாணவியர் இருவர் கரமனையில் பானை விற்க எண்ணுகின்றனர் எனக் கொள்வோம். கணக்குக்காக எண்களை நாமே வைத்துக்கொள்கிறோம். ஒரு பானையின் கொள்முதல் ரூ. 60, விற்பனை விலை ரூ. 100, விழா முடிந்தபின் மிஞ்சியது ரூ. 20க்கே போகும். 100 பானை விற்கலாம், 200 விற்கலாம், 300 விற்கலாம், மூன்றும் சமமாக நிகழக்கூடியவை.

நூறு பானை எடுத்தால் எவ்வாறாயினும் ரூ. 4,000 இலாபம். இருநூறு எடுத்தால், நூறே விற்கும்போது இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை. மற்ற இரு நிலைகளிலும் ரூ. 8,000 இலாபம். முந்நூறு எடுத்தால், நூறே விற்கும்போது ரூ. 4,000 நட்டம், இருநூறு விற்றால் ரூ. 4,000 இலாபம், எல்லாம் விற்றால் ரூ. 12,000 இலாபம். சராசரி பார்த்தால், நூறு பானைக்கு ரூ. 4,000, இருநூறுக்கு ஏறக்குறைய ரூ. 5,333, முந்நூறுக்கு மீண்டும் ரூ. 4,000. ஆகவே அஞ்சி ஒடுங்கியவளும், பேராசை கொண்டவளும் சராசரியில் ஒரே இடத்தில் நிற்கின்றனர். பின்னவளுக்கு நட்ட அபாயம் மிகுதி. இருநூறு என்பதே தக்க முடிவு. மெக்லிலண்டின் வளையத்தை இங்கே நினைவு கூர்க.

கணக்கு இத்துடன் முடியவில்லை. அவ்விருவருள் பேசத் தெரிந்தவள் ஒருத்தி, பானை அனுப்பும் வணிகரிடம் சென்று, “அண்ணாச்சி, மிஞ்சுகிற பானைகளை உடையாமல் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தால் என்ன விலைக்கு எடுத்துக்கொள்வீர்கள்?” என்று கேட்கிறாள். அவர் யோசித்து ரூ. 50க்கு எடுத்துக்கொள்வதாக ஒப்புகிறார். இப்போது மிஞ்சும் பானை ஒன்றுக்கு நட்டம் ரூ. 40 அன்று, ரூ. 10 மட்டுமே. முந்நூறு எடுத்து நூறே விற்றாலும் ரூ. 2,000 இலாபம், இருநூறு விற்றால் ரூ. 7,000, முழுதும் விற்றால் ரூ. 12,000, சராசரி ரூ. 7,000. இருநூறு எடுத்தால் சராசரி ஏறக்குறைய ரூ. 6,333. இப்போது முந்நூறு எடுப்பதே தக்க முடிவாகிவிட்டது. ஒரே ஒரு கேள்வி, பேராசையாக இருந்த ஒன்றை நல்லறிவாக மாற்றிவிட்டது. சந்தையும் மாறவில்லை, பானையும் மாறவில்லை. கேட்கக் கூசியிருந்தால் இம்முடிவுக்கு வழியே இருந்திராது.

பெற்றோர் இக்கணக்கைத் தம் பிள்ளைகளோடு அமர்ந்து, ஊறுகாயோ அப்பளமோ பயிற்றுப் புத்தகமோ வைத்துப் போட்டுப் பார்க்கலாம். விடையினும், பிள்ளை அதனை விளக்கும் முறையைக் கவனியுங்கள்.

ஒரு சான்று

2015ஆம் ஆண்டு நவம்பரில் கோழிக்கோட்டில் பாதாளச் சாக்கடைக் குழியில் இறங்கிய இரு தொழிலாளரும், அவரைக் காக்கக் குதித்த ஆட்டோ ஓட்டுநர் ஒருவரும் உயிரிழந்தனர். அப்போது குற்றிப்புறம் எம்.இ.எஸ். பொறியியற் கல்லூரியில் பயின்ற விமல் கோவிந்த் முதலிய இளைஞர் சிலர், உடலில் அணியும் எந்திரக் கவசம் ஒன்றை உருவாக்கியிருந்தனர். அவர்களது திறன் வேறு துறையில் இருந்தது. எனினும் மனிதர் இறங்காமலே குழியைத் துப்புரவு செய்யும் எந்திரத்தைச் செய்வதென்று பின்னர் முடிவு செய்தனர். கேரள ஸ்டார்ட்அப் மிஷனும் கேரள நீர் ஆணையமும் துணை நின்றன. பாண்டிகூட் என்னும் பெருச்சாளியின் பெயரைத் தாங்கிய அவ்வெந்திரம் 2018இல் நம் திருவனந்தபுரத்திலேயே முதன்முதல் பணியில் இறங்கியது.

இவ்வரலாற்றில் நாம் போற்றுவது எந்திரத்தை மட்டுமன்று. குழியில் இறங்கி வந்த தொழிலாளரையே அவ்வெந்திரத்தை இயக்குவோராகப் பயிற்றுவித்தனர். எந்திரம் வந்தால் பிழைப்புப் போகுமோ என்று அஞ்சத்தக்கவர்களுக்கு அதனால் மேலான வேலை கிடைத்தது. அதிகாரிகளிடம் பேசுவதோடு, அடித்தட்டுத் தொழிலாளரிடமும் அமர்ந்து பேசத் தெரிந்தவர்க்கே இது கைகூடும். பொறியியல் அவர்களுக்குக் கருவியைத் தந்தது. சொல்லும் துணிவும் அதற்குப் பயனைத் தந்தன.

பெற்றோர்க்கு

நம் வேண்டுகோள் பெரிதன்று. திங்களுக்கு ஒருமுறையேனும் வீட்டுச் செலவுக் கணக்கைப் பிள்ளைகள் முன்னிலையில் எழுதுங்கள். ஒரு சிறு முடிவை, பண்டிகைக்கு என்ன வாங்குவது, விடுமுறைக்கு ஊருக்கு எவ்வழியாகச் செல்வது என்பது போன்ற ஒன்றை, அவர்களிடமே முழுதும் ஒப்படையுங்கள். ஒப்படைத்தபின் இடையில் தலையிடாதீர்கள். ரயிலில் இடம் கிடைக்காமல் பேருந்தில் இடிபட்டுப் போக நேர்ந்தால், அந்த இடிபாடே நல்லாசான். ஐந்நூறு ரூபாயில் பிழை செய்யப் பழகாத பிள்ளை, ஐந்து இலட்சத்தில் முதற்பிழையைச் செய்யும். எடுத்த முடிவையும் அதன் காரணத்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கச் செய்யுங்கள். விளைவு நன்றாயினும் தீதாயினும், காரணம் சரியாக இருந்ததா என்பதைப் பின்னர் ஒப்பிட்டுப் பார்க்கலாம். நல்ல முடிவும் சில வேளை தோற்கும். மூட முடிவும் சில வேளை வெல்லும். இவ்வேறுபாட்டை உணர்ந்தவனே தேறியவன்.

பெண்மக்களைப் பற்றித் தனியே ஒரு சொல். 1998இல் தோன்றிய குடும்பஸ்ரீ இயக்கத்தின் அயல்கூட்டங்களில், பத்து இருபது பெண்கள் வட்டமாக அமர்ந்து, கடன் கொடுப்பதையும் தொழில் தொடங்குவதையும் தாமே பேசி முடிவு செய்வதை நம் வீட்டு வாயிலிலிருந்தே காண்கின்றோம். நம் வீடுகளிலோ, மகனைக் கேட்டு முடிவு செய்யும் வழக்கமேனும் சிறிது உண்டு. மகளைக் கேட்பது அரிது. கேட்டுப் பாருங்கள். பதில் வரச் சற்றுத் தாமதமாகலாம். அதுவரை கேட்காதிருந்ததே அத்தாமதத்தின் காரணம்.

எல்லாப் பிள்ளைகளும் தொழில் தொடங்கியே தீரவேண்டும் என்று நாம் கூறவில்லை. ஆசிரியராகவும் மருத்துவராகவும் எழுத்தராகவும் பணி செய்வோர்க்கும் இவ்விரு திறன்கள் வேண்டுவனவே. தொழில் வேண்டாம் என்று ஆராய்ந்து முடிவு செய்த பிள்ளையும் இப்பாடத்தில் தேறிய பிள்ளையே. கடன் வாங்கித் தொடங்கு என்றும் நாம் தூண்டவில்லை. தாங்கத்தக்க இழப்பின் எல்லையைத் தாண்டாதே என்பதே நம் முதற் பாடம்.

நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் அரைமணி நேரத்தை இளைஞர்க்கென ஒதுக்கலாம் என்று நிர்வாகக் குழுவினரை வேண்டுகின்றோம். மூவர் தலைக்கு ஐந்து நிமிடம் தம் எண்ணத்தை எடுத்துரைக்கட்டும். சாலையில் கடை நடத்தும் அன்பர்களும், ஓய்வு பெற்ற வங்கி அலுவலர்களும் கேள்வி கேட்கட்டும். கேலி மட்டும் கூடாது. மொழி தடுமாறினால் பொறுத்துக் கேட்பதும், கணக்குத் தடுமாறினால் திருத்திக் கொடுப்பதும் பெரியோர் கடமை. இதற்குச் செலவும் இல்லை, விண்ணப்பமும் வேண்டாம்.

வந்தேறிய ஊரில் நம் முன்னோர் நிலைபெற்றது நாவன்மையாலும் நிதானத்தாலுமே. மொழி தெரியாத தெருவில் கூடையோடு நின்று பேசக் கற்றனர். கைப்பொருளுக்கு மிஞ்சிய முயற்சியில் கால் வைக்காமல் முடிவு செய்யக் கற்றனர். அவர்கள் சேர்த்த பொருள் நமக்கு வந்தது. அவர்கள் கற்ற பாடமும் நம் பிள்ளைகளுக்குச் சேருமாறு செய்வது நம் பொறுப்பு.